எந்தெந்த ஆப்பில் இருக்கணும்? ஒரு மரச்செக்குக் கடையின் கணக்கு

சின்னதாகத் தொழில் செய்கிற யார் என்னிடம் பேச ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்து ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். "இன்ஸ்டாகிராம்ல மட்டும் போட்டா போதுமா, இல்ல எல்லாத்துலயும் இருக்கணுமா?" ஊறுகாய் போடுகிற அக்கா கேட்கிறார். சுங்குடிச் சேலை விற்கிற தோழி கேட்கிறாள். நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிற பங்காளி கேட்கிறார். காங்கேயம் பக்கம் சித்தப்பா நடத்தும் மரச்செக்குக்கு ஆன்லைன் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

ஒரே இடத்தை நம்பி இருப்பதில் என்ன ஆபத்து என்பதை முதலில் சொல்கிறேன். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களுக்குத் தடை போட்டது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. அதில் வீடியோ போட்டுப் பேர் வாங்கியிருந்தவர்களுக்கு, சேர்த்து வைத்திருந்த பார்வையாளர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். அவர்களை வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வழியே கிடையாது. ஏனென்றால் யார் பார்த்தார்கள், எந்த ஊர், என்ன நம்பர் என்று எதுவும் இவர்கள் கையில் இல்லை. யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ ஏற்கெனவே கால் ஊன்றியிருந்தவர்களுக்குத்தான் பிடிமானம் இருந்தது.

சரி, மூன்று நான்கில் இருந்தால் தப்பித்துவிடலாமா? 2021 அக்டோபர் 4-ஐ நினைத்துப் பாருங்கள். இந்திய நேரம் இரவு ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரவு ஒன்பது மணி என்பது எங்களுக்கு ஆர்டர் வருகிற நேரம். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்கிற நேரம் அதுதானே. மூன்று இடத்தில் கடை போட்டிருக்கிறோம் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் மூன்றுக்கும் முதலாளி ஒருத்தர்தான் என்பது அன்றைக்கு நன்றாகவே உறைத்தது. அதே மாதிரிதான் யூடியூபும் கூகுள் மேப்பும். ஆப்பின் பெயர்களை எண்ணாதீர்கள், அவற்றுக்குப் பின்னால் எத்தனை முதலாளி என்று எண்ணுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இது சத்தமில்லாமல் நடப்பது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முகப்பில் எதை முதலில் காட்டுவது என்பதை மாற்றியது. உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை, கடைகளின் பக்கங்களுக்குப் பின்னுரிமை. யாரும் எதையும் தடை செய்யவில்லை. பக்கம் இருக்கிறது, லைக் போட்டவர்கள் இருக்கிறார்கள், நாம் போடுவது மட்டும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. காசு கட்டி விளம்பரம் கொடுத்தால் படும். அது அவர்களுடைய இடம், அவர்களுடைய விதி. நாம் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் நம் பிழைப்பை முழுக்க அங்கே வைக்கக் கூடாது.

அதற்காக எல்லாவற்றிலும் கணக்குத் திறந்து, ஒரே போஸ்டரை எல்லா இடத்திலும் ஒட்டுவதும் வேலைக்கு ஆகாது. சித்தப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏங்கண்ணு, எண்ணெய் விக்கறதுக்கு இத்தன எடத்துல போடோணுமா?" "போடோணுங்க சித்தப்பா. ஆனா எல்லா எடத்துலயும் ஒண்ணையே போடக்கூடாதுங்க" என்றேன். அவருக்கு அது உடனே பிடிபட்டது. செக்கடிக்கு வருகிறவரிடம் பேசுகிற மாதிரி அவர் சந்தையில் பேசமாட்டார். சந்தையில் பேசுகிற மாதிரி கல்யாண வீட்டில் பேசமாட்டார்.

போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா ஆர்டர் போட்டார். எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று வழக்கம்போலக் கேட்டேன். "உங்க வீடியோவ என் பையன் காட்டினான். அப்புறம் மேப்புல போய்ப் பாத்தேன். கடைன்னு ஒண்ணு நெசமாவே இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் மெசேஜ் போட்டேன்" என்றார். அவர் பணம் அனுப்பியது யுபிஐயில். அடுத்த முறை ஆர்டர் போடப்போவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து. ஒரே ஆள், ஒரே இரண்டு லிட்டர் நல்லெண்ணெய், ஆனால் நான்கு இடத்தைத் தொட்டு வந்திருக்கிறார். இதில் எந்த இடம் விற்றுக் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? வீடியோ இல்லாவிட்டால் தெரிந்திருக்காது, மேப் இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டார், வாட்ஸ்அப் இல்லாவிட்டால் கேட்டிருக்கமாட்டார். பல இடத்தில் பரப்புவது என்றால் இதுதான். கண்ணில் படுவதற்கு ஓரிடம், நம்புவதற்கு ஓரிடம், பேசுவதற்கு ஓரிடம். ஒரே ஆள் இவற்றுக்கு நடுவே நடந்து வருகிறார். வழியில் அவர் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

தடுக்கி விழுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் பழைய நம்பர் இருக்கும். மேப்பில் ஞாயிறு திறந்திருக்கும் என்று போட்டிருக்கும், நேரில் போனால் பூட்டியிருக்கும். யூடியூபில் கடைப் பெயர் ஒரு மாதிரி, பாட்டில் லேபிளில் இன்னொரு மாதிரி. வாங்க வந்தவர் இரண்டும் வேறு வேறு கடையோ என்று சந்தேகப்பட்டு ஒதுங்கிவிடுவார். பெயர், நம்பர், முகவரி, நேரம் நான்கும் எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். புதுசாக ஓரிடத்தில் கணக்குத் திறப்பதற்கு முன்னால், இருக்கிற இடங்களில் இதைச் சரிபாருங்கள். ஒரு மதியம் போதும்.

நம்மாட்கள் ரொம்பக் குறைவாக மதிக்கிற இடம் கூகுள் மேப். ரீல்ஸுக்கு லைட் வாங்குகிறவர்கள் மேப்பில் கடைப் படம் ஒன்றைக்கூடப் போடுவதில்லை. "பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய்" என்று தேடுகிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரில்லை, வாங்கக் கிளம்பிவிட்டவர். அவர் முன்னால் நாம் இல்லையென்றால் வேறு யார் முன்னால் இருந்து என்ன பயன்? பதிவு செய்ய ஒரு பைசா கிடையாது. கடை நம்முடையதுதான் என்று காட்ட, பல நேரங்களில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே செக்கு ஓடுவது எல்லாம் ஒரே மூச்சில் தெரிகிற மாதிரி எடுத்தால் வேலை சுலபம். "கூகுள்ல இருந்து பேசறோம், பணம் கட்டலேன்னா உங்க கடைய மேப்புல இருந்து எடுத்துருவோம்" என்று யாராவது கூப்பிட்டால் நம்பாதீர்கள். அது ஏமாற்று வேலை.

மேப்பில் வருகிற விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதை நான் தள்ளிப்போடுவதே இல்லை. நல்லதாக எழுதியவருக்கு நன்றி சொல்வது இருக்கட்டும். குறை சொன்னவருக்கு எழுதும் பதிலைத்தான் அடுத்து வருகிற அத்தனை பேரும் படிக்கிறார்கள். பாட்டில் மூடி சரியில்லாமல் எண்ணெய் கசிந்து பெட்டியெல்லாம் பிசுபிசுப்பாக வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு பாட்டில் அனுப்பிவிட்டு, இனி மூடிக்கு மேல் சீல் ஒட்டி, கவரில் போட்டு, பிறகுதான் பெட்டிக்குள் வைக்கிறோம் என்று அங்கேயே எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர்கள் உண்டு. காசு கொடுத்து நட்சத்திரம் வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். எல்லாம் ஐந்து நட்சத்திரம், எல்லாம் ஒரே வார்த்தை என்றால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நாம் அவர்களைச் சேமித்து வைத்திருந்தால் மட்டும் போதாது. இது தெரியாமல், "மெசேஜ் அனுப்பறேன், ஒருத்தரும் பதில் போடறதில்ல" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. நாங்கள் பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறோம். கடைப் பெயர், நம்பர், "இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் எந்த நாளில் என்ன எண்ணெய் ஆட்டுகிறோம் என்று தகவல் வரும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த வரியில் நிஜமான பயன் இருப்பதால் சேமிக்கிறார்கள்.

குரூப் ஆரம்பிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குரூப்பில் சேர்த்தால் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் வாங்கிய பாவத்துக்கு ஒரு பெண்ணின் நம்பரை முகம் தெரியாத நூறு பேர் கையில் கொடுப்பது தவறு. அனுமதி கேட்காமல் யாரையும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள், போதும் என்று சொன்னவரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை.

வீடியோவுக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செக்கில் நல்லெண்ணெய் ஆட்டும்போது எள் பாதி அரைபட்ட நேரத்தில் கருப்பட்டியை உடைத்துப் போடுவார்கள். அந்த நொடியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவரை பொலபொலவென்று சுற்றிக்கொண்டிருந்த எள்ளு மாவு கருப்பட்டியின் பிசினில் திரள ஆரம்பிக்கும். உலக்கை அழுத்த அழுத்த ஓரத்தில் எண்ணெய் கசிந்து, பிண்ணாக்கு ஒரு பக்கமாகக் கட்டிக்கொள்ளும். வாசம் மாறும். சித்தப்பா ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்" என்பார். இதை முழுசாக எடுத்து யூடியூபில் போட்டோம். எள் புடைப்பதில் ஆரம்பித்து, கருப்பட்டி ஏன் போடுகிறோம், எண்ணெயை எத்தனை நாள் தெளிய விடுகிறோம் என்பது வரை அவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். யூடியூபில் ஆட்கள் தேடி வருகிறார்கள். "நல்லெண்ணெயில் கருப்பட்டி ஏன்" என்று இன்றைக்குத் தேடுகிறவருக்கும் அது கிடைக்கும், இரண்டு வருடம் கழித்துத் தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

அதே காட்சியில் கருப்பட்டி விழுகிற அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி ரீல்ஸில் போட்டோம். அங்கே யாரும் எதையும் தேடி வருவதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை ஒரு நொடி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். விளக்கமெல்லாம் அங்கே எடுபடாது. அதே படப்பிடிப்பில் எடுத்த ஒரு ஸ்டில் மேப்புக்குப் போனது. "இன்று எள் ஆட்டுகிறோம், வெள்ளிக்கிழமை பார்சல்" என்ற வரியோடு இன்னொரு துண்டு ஸ்டேட்டஸுக்குப் போனது. ஒரு காலை நேரத்து வேலை நான்கு இடத்துக்கு நான்கு விதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு இடத்தில் இருந்தால் நாலு மடங்கு வேலையாகுமே என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

என்ன போடுவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு: வாடிக்கையாளர் கேட்கிற கேள்வியைப் போடுங்கள். எங்களுக்கு மார்கழி, தை வந்துவிட்டால் தவறாமல் வருகிற கேள்வி, "தேங்காய் எண்ணெய் கெட்டியாயிருச்சே, எதாவது கலந்திருக்கீங்களா?" தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். அது அதன் இயல்பு, கலப்படத்துக்கு அடையாளமில்லை. பெங்களூரில் இருப்பவர்களும் ஊட்டியில் இருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வருடம் முழுக்க வருகிற கேள்வி, "கடையில கிடைக்கற எண்ணெய விட உங்களது ஏன் இவ்வளவு விலை?" ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். எள் கிலோ என்ன விலை என்று நீங்களே மளிகைக் கடையில் கேட்டு இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்துக்கொள்ளுங்கள், பிறகு எங்கள் விலையைப் பாருங்கள் என்று சொல்கிறோம். இந்தக் கணக்கு வாட்ஸ்அப்பில் தயார் பதிலாக இருக்கிறது, யூடியூபில் சித்தப்பா தராசு வைத்துக் காட்டுகிற வீடியோவாக இருக்கிறது, மேப் விமர்சனத்தில் கேட்டவருக்கு நான்கு வரிப் பதிலாக இருக்கிறது. சொல்வது ஒன்றுதான், இடத்துக்கு இடம் அளவும் பேச்சும் மாறுகின்றன.

போடக் கூடாதது ஒன்றும் உண்டு. செக்கு எண்ணெய் சர்க்கரை நோயைத் தீர்க்கும், மாரடைப்பே வராது என்றெல்லாம் ஃபார்வர்டுகள் சுற்றுகின்றன. அதை எடுத்து நம் கடைப் பெயரில் போட்டால் விற்பனை கூடலாம். போடாதீர்கள். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதைவிட, நம்மை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? நம் எண்ணெயின் வாசமும் ருசியும் போதும். அதோடு எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைத் தெளிவாகப் போடுங்கள். தெரியாத ஊரிலிருந்து சாப்பாட்டுப் பொருள் வாங்குகிறவருக்கு அது பெரிய தைரியம்.

பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்கலாமா என்றால், விற்கலாம். மொத்தமாக டின் கணக்கில் கேட்பவர்கள் இண்டியாமார்ட் மாதிரி இடங்களில் தேடுகிறார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சில்லறைச் சந்தைகளில் கமிஷன் போக மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். அங்கே வாங்குகிறவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர், உங்களுடையவர் ஆகமாட்டார். காசு கட்டுகிற விளம்பரத்திலும் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு, பண்டிகைக்கு முன்னால் சின்னத் தொகையில் கொடுத்துப் பாருங்கள்.

இத்தனையிலும் எனக்கு உயிரான விஷயம் எந்த ஆப்பிலும் இல்லை. கடையில் ஒரு நீள நோட்டும், அதையே ஏற்றி வைத்திருக்கிற ஒரு எக்ஸெல் ஷீட்டும் இருக்கின்றன. பெயர், ஊர், நம்பர், என்ன எண்ணெய், எத்தனை லிட்டர், கடைசியாக வாங்கிய தேதி, எங்களை எப்படித் தெரியும். ஏழே கட்டம். மாதம் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குகிறவர் ஒன்றரை மாதமாக ஆர்டர் போடவில்லை என்றால் அந்த ஷீட்தான் சொல்லும். தீபாவளிப் பலகாரத்துக்கு யார் யார் போன வருடம் ஐந்து லிட்டர் கேன் வாங்கினார்கள் என்று அதுதான் சொல்லும். எந்த ஆப் நாளைக்கு மூடினாலும், எந்தக் கணக்கு முடங்கினாலும், இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு போன் போட்டே மறுநாள் வியாபாரத்தை நடத்திவிடலாம்.

சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்கிக்கொள்வதும் இதில் சேரும். கூகுள் தன் வணிகப் பதிவுகளோடு இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. விசிட்டிங் கார்டிலும் வண்டியிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. நம் பெயரில் பதிந்த முகவரி என்றால் பின்னால் இருக்கிற தளத்தை மாற்றிக்கொள்ளலாம், முகவரி அப்படியே இருக்கும். வருடச் செலவும் பெரிதாக வராது.

கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பலகாரக் கடையில் எல்லாப் பக்கங்களையும் ஆரம்பித்துக் கொடுத்தது கடையில் வேலை பார்த்த ஒரு பையன். அவனுடைய ஜிமெயில், அவனுடைய நம்பர். அவன் வேலையை விட்டு வெளியூர் போனபின் மேப்பில் மூடும் நேரத்தை மாற்றக்கூட அந்தக் கடைக்காரரால் முடியவில்லை. பையன் மேல் குற்றமில்லை. முதல் நாளே முதலாளி பெயரில் ஆரம்பித்து, உதவிக்கு ஆளைச் சேர்த்திருக்க வேண்டும். சிம் கார்டு உங்கள் பெயரில், மெயில் உங்கள் பெயரில், இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாவற்றிலும். இது விளம்பர வேலையாகத் தெரியாது. ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் நிற்காது.

எத்தனை இடம் என்று கேட்டவர்களுக்கு: வீட்டாள் இரண்டு பேர் பார்க்கிற தொழில் என்றால் மேப், வாட்ஸ்அப், வீடியோவுக்கு ஓரிடம், கூடவே அந்த நோட்டு. இவை தடையில்லாமல் ஓட ஆரம்பித்தபின் அடுத்ததைத் தொடுங்கள். எதை விடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. "எங்களை எப்படித் தெரியும்" என்ற கட்டத்தில் தீபாவளி, பொங்கல் இரண்டு சீசனிலும் ஒரு இடத்தின் பெயர் வரவே இல்லையென்றால் அதில் போடுவதை நிறுத்திவிடுவோம். அப்படியே கைவிட்டுப் போகமாட்டோம். பழைய விலைப் பட்டியலை எடுத்துவிட்டு, "இங்கே இனி பதிவு வராது, ஆர்டருக்கு இந்த நம்பர்" என்று கடைசியாக ஒரு பதிவு போட்டு அதை மேலே பின் செய்துவிடுவோம். என்றைக்கோ தேடி வருகிற ஒருவர் இரண்டு வருடப் பழைய விலையைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து சண்டை போடக் கூடாதில்லையா.